பிரங்காச்சோவின் பங்குத்தந்தை

பலெர்மோ என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘காட்ஃபாதர்’ திரைப்படமாகத்தான் இருக்கும். 1990இல் வந்த மூன்றாம் பாகத்தின் இறுதிக் காட்சி, பலெர்மோ நகரின் மாசிமோ அரங்கத்துப் படிக்கட்டுகளில் நடக்கிறது. படம் வெளிவந்தபோது அந்த அரங்கம் பூட்டிக் கிடந்தது என்பது பலருக்குத் தெரியாது. பழுது பார்ப்பதற்கென்று 1974இல் மூடியவர்கள் 1997இல்தான் மீண்டும் திறந்தார்கள். ஒரு கட்டடத்தைச் செப்பனிட இருபத்து மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஊர் எப்படிப்பட்ட ஊராக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

‘காட்ஃபாதர்’ என்ற சொல்லுக்குக் கத்தோலிக்கத் தமிழில் ஞானத்தந்தை என்று பெயர். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது பெற்றோருடன் நின்று, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணையிருப்பேன் என்று வாக்குக் கொடுப்பவர் அவர். சமயத்தை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் பொறுப்பு அவருடையது. அந்தச் சொல்தான் சிசிலியில் ‘பத்ரீனோ’ என்ற பெயரில் வேறொரு பதவியைக் குறிக்கலாயிற்று. நிலைமை எந்த அளவுக்குப் போனதென்றால், அதே தீவின் கத்தானியா மறைமாவட்டம், ஞானப்பெற்றோர் என்பது வெறும் சம்பிரதாயமாகவும் சில இடங்களில் ஆள்பிடிக்கும் உறவாகவும் ஆகிவிட்டது என்று கருதி, 2021 அக்டோபரில் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பரீட்சார்த்தமாக அந்த வழக்கத்தையே நிறுத்தி வைத்தது.

சொல் களவு போன இப்படிப்பட்ட ஊரில், அதே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பங்குத்தந்தை மூன்று ஆண்டுகள் என்ன செய்தார் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அவர் பெயர் ஜூசெப்பே புல்யீசி. எல்லோருக்கும் பீனோ. அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு ‘மூன்று ப’. பாத்ரே பீனோ புல்யீசி என்பதன் முதல் எழுத்துகள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். கிறித்தவப் பள்ளியில் படித்ததால் விவிலியக் கதைகள் தெரியும், அவ்வளவே. பலெர்மோவில் என் தாய்வழி உறவினர் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் வழக்கத்தில்தான் இந்த மனிதரைப் பற்றி அறிந்தேன். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் ஒருவன் திருச்சபை வரலாறு பேசுவதில் உள்ள குறைகளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிறித்தவத்தைப் பரப்புதல் என்றால் தமிழர்களாகிய நமக்கு ஒரு பழகிய சித்திரம் உண்டு. வெளியிலிருந்து ஒருவர் வருவார், அல்லது உள்ளூரில் ஒருவர் மதம் மாறுவார், அதற்காக ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாவார். 1693இல் ஓரியூரில் வெட்டுண்ட ஜான் தெ பிரிட்டோவும், 1752இல் ஆரல்வாய்மொழி மலையில் சுடப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயமும் இந்தச் சித்திரத்துக்குள் அடங்குவார்கள். புல்யீசி அடங்கமாட்டார். அவர் வேலை செய்த பிரங்காச்சோவில் எல்லோரும் ஏற்கெனவே கிறித்தவர்கள். அவரைக் கொல்லச் சொன்னவர்களும் திருமுழுக்குப் பெற்றவர்கள். சுட்டவனும் அப்படியே.

சிசிலியின் மாஃபியாவான கோசா நோஸ்திராவில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு எப்படி நடக்கும் என்பதை 1984 முதல் தொம்மாசோ புஷெத்தா போன்றவர்கள் நீதிபதிகளிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். விரலில் குத்தி, வரும் இரத்தத்தைப் புனிதர் படம் ஒன்றின்மேல் தடவி, அந்தப் படத்தைக் கையில் ஏந்தி எரியவிடுவார்கள். துரோகம் செய்தால் நானும் இப்படி எரிவேன் என்பது சத்தியம். மிக்கேலே கிரேக்கோ என்ற தலைவருக்கு இவர்களிடையே ‘போப்’ என்றே பட்டப்பெயர். 1997இல் பிடிபட்ட பியேத்ரோ அல்யேரியின் மறைவிடத்தில் சிற்றாலயம் ஒன்று இருந்தது. நாற்பதாண்டுக்கும் மேலாகத் தலைமறைவாக வாழ்ந்து 2006 ஏப்ரலில் சிக்கிய பெர்னார்தோ புரொவென்சானோவிடம் அடிக்கோடிட்ட விவிலியம் கிடைத்தது. அவர் அனுப்பிய சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளிலான கட்டளைகள் இறைவன் காப்பாராக என்பது போன்ற வாழ்த்துகளோடு முடியும். அமைப்பின் அடிப்படைக் கிளைக்குப் பெயர் ‘குடும்பம்’. உறுப்பினருக்குப் பெயர் ‘மானமுள்ள மனிதன்’.

என் தொழிலிலிருந்து ஒரு உவமை சொல்ல அனுமதிக்க வேண்டும். திறமையாக எழுதப்பட்ட தீநிரல் தனக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளாது. இயங்குதளத்தின் சொந்தக் கோப்பு ஒன்றின் பெயரைச் சூட்டிக்கொண்டு, பட்டியலில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர் அதைத் தொடப் பயப்படுவார். பிரங்காச்சோவில் கிறித்தவத்துக்கு நேர்ந்தது அதுதான் என்பது என் எண்ணம்.

திருச்சபையும் இதில் நீண்ட காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பலெர்மோவின் கர்தினால் எர்னெஸ்தோ ருஃபீனி 1964இல் ஒரு சுற்றுமடல் எழுதினார். சிசிலியின் பெயரைக் கெடுப்பவை மூன்று என்றார் அதில். ஒன்று, மாஃபியா பற்றி எழும் கூச்சல். இரண்டாவது, ஏழைகளுக்காக உண்ணாவிரதம் இருந்த சமூகப் பணியாளர் தனீலோ தொல்சி. மூன்றாவது, ஒரு நாவல்! 1958இல் வெளிவந்து இன்று இத்தாலிய இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் லம்பெதூசாவின் ‘சிறுத்தை’தான் அது. நாவலுக்குக் கிடைத்த இந்த மரியாதையை இலக்கிய வாசகர்கள் கவனத்தில் கொள்ளலாம். இந்த ருஃபீனியின் கையால்தான் 1960 ஜூலை 2ஆம் தேதி புல்யீசி குருப்பட்டம் பெற்றார். பின்னாளில் திருச்சபையின் குரல் மாறியது. 1982 செப்டம்பரில் மாநில ஆளுகைப் பொறுப்பேற்று வந்திருந்த தளபதி தல்லா கியேசா மனைவியோடு கொல்லப்பட்டபோது, அப்போதைய கர்தினால் பப்பலார்தோ அடக்கத் திருப்பலியில் அரசின் கையாலாகாத்தனத்தை வெளிப்படையாகவே சாடினார்.

புல்யீசி 1937 செப்டம்பர் 15இல் இதே பிரங்காச்சோவில் பிறந்தவர். தந்தை செருப்புத் தைப்பவர், தாய் துணி தைப்பவர். பதினாறாம் வயதில் குருமடத்தில் சேர்ந்தார். படங்களில் பார்த்தால் வழுக்கைத் தலையும் பெரிய காதுகளும் சிரித்த முகமுமாக, பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கிறார். வாத்தியார்தான் அவர். 1978 முதல் இறக்கும் வரை பலெர்மோவின் விக்டோரியோ எமானுவேலே மேல்நிலைப் பள்ளியில் சமயபாடம் நடத்தினார்.

அவரது முறை உருவானது பிரங்காச்சோவில் அல்ல, கொத்ரானோ என்ற மலைக் கிராமத்தில். 1970இல் அங்கே பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். குடும்பங்களுக்கிடையே பழிக்குப் பழி வாங்கும் கொலைகள் பல நடந்து முடிந்திருந்த ஊர். தெருவில் ஒரு வீட்டுக்காரர் எதிர்வீட்டுக்காரர் முகத்தில் விழிக்கமாட்டார். கோவிலில் நின்று மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்று கண்டுகொண்ட இவர், வீடுகளுக்குப் போனார். ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தார் சிலரைக் கூட்டி, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து, அதைப் பற்றி அவர்களையே பேசவிட்டார். பதில் சொல்வது அவர் வேலையாக இருக்கவில்லை. இப்படிப் பல மாதங்கள் நடந்த பிறகு, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், கொன்றவனின் தாயோடு சமாதானமானார். எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார் புல்யீசி. புலம்பெயர்ந்த நமக்கு ஊர்ப்பகை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கடல் கடந்து வந்தும் எந்தெந்தக் குடும்பம் எந்தெந்தக் குடும்பத்தின் கல்யாணத்துக்குப் போகாது என்று நமக்குத் தெரியும். அதனால் எட்டு ஆண்டு என்பது எனக்கு மிகக் குறைந்த காலமாகவே படுகிறது.

1990இல் அவர் பிறந்த ஊருக்கே, புனித கயெத்தானோ ஆலயத்தின் பங்குத்தந்தையாக வந்தார். பிரங்காச்சோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில், ரயில் பாதையால் வெட்டுண்டு கிடக்கும் பகுதி. கிரவியானோ சகோதரர்களின் ஆட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. நடுநிலைப் பள்ளி கிடையாது. பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்று தெருவில் வளர்ந்தார்கள். சிகரெட் விற்பது, தகவல் சொல்வது, சிறு திருட்டு என்று ஒவ்வொரு படியாக ஏறினால் கடைசிப் படியில் ‘குடும்பம்’ காத்திருந்தது. ஹசோன் தெருவிலிருந்த அடுக்குமாடிகளின் நிலவறைகளில் நடந்த சட்டவிரோதக் காரியங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

இங்கே புல்யீசி செய்தவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதில்லை. கோவில் திருவிழாவுக்கு வழக்கமாக ஒரு குழு வீடு வீடாகப் பணம் திரட்டும். யார் கேட்கிறார்கள் என்று தெரிந்ததால் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அந்தப் பணம் வேண்டாம் என்றார். (திருவிழாவில் தேருக்கு முன்னால் யார் நிற்பது என்பதற்கும் ஊரில் யார் பெரியவர் என்பதற்கும் உள்ள தொடர்பை நம் கோவில் திருவிழாக்களில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று புரியும்.) ஆலயத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தைப் பணம் திரட்டி வாங்கி, அருட்சகோதரிகள் சிலரின் துணையோடு 1993 ஜனவரி 29இல் ஒரு மையத்தைத் திறந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து, சிறுவர்களுக்கு விளையாட்டு, பாடம், சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்கு உதவி. ஹசோன் தெருக் குடியிருப்பாளர்கள் குழு ஒன்று அமைத்து நடுநிலைப் பள்ளியும் மருத்துவ வசதியும் கேட்டு நகராட்சிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு தாமும் நடந்தார்.

மையத்துக்கு அவர் வைத்த பெயர்தான் என்னை முதலில் நிறுத்தியது. ‘பாத்ரே நோஸ்த்ரோ’. எங்கள் தந்தையே என்று பொருள். நமது பள்ளிகளில் ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்று சொல்லிக்கொடுப்பார்களே, அந்தச் செபத்தின் இத்தாலியத் தொடக்கம். ‘கோசா நோஸ்திரா’ என்றால் எங்கள் பொருள், எங்கள் விஷயம். இரண்டிலும் எங்கள் என்ற சொல் இருக்கிறது. முன்னதில் எல்லோரும் அடங்குவார்கள், பின்னதில் உறுப்பினர் மட்டும். பத்ரீனோவின் ஊரில் பாத்ரே என்ற சொல்லைக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் எழுதி வைத்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. தெருப் பிள்ளைகள் பலருக்கு அப்பா சிறையில் இருந்தார், அல்லது மண்ணில் இருந்தார். தந்தை என்றால் பயப்பட வேண்டியவர், கேட்டதைக் கொடுத்துவிட்டு என்றைக்காவது ஒருநாள் பதிலுக்கு ஒன்று கேட்பவர் என்பதுதான் அவர்கள் கண்டது. பதிலுக்கு எதுவும் கேட்காத ஒரு தந்தை இருக்கிறார் என்பதை எப்படி வாயால் சொல்லிப் புரியவைப்பது? மேசைப்பந்து ஆடவிட்டு, ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பி, மறுநாளும் கதவைத் திறந்து வைத்திருப்பதைத் தவிர வேறு வழியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நடுநிலைப் பள்ளி கேட்பதும் இதே கணக்கில்தான் சேரும். பள்ளியும் மருத்துவரும் நகராட்சி தரவேண்டிய உரிமைகள். அவை இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒருவர் செய்யும் தயவாகிவிடும். தயவு செய்பவருக்கு மக்கள் கடன்பட்டவர்களாவார்கள். உரிமையாக வந்துவிட்டால் பத்ரீனோவுக்கு வேலையில்லை. இதனால்தான் ‘மாஃபியா எதிர்ப்புப் பாதிரியார்’ என்ற, ஊடகங்கள் தரும் பட்டம் புல்யீசிக்குப் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். அவர் எதிர்ப்பு ஊர்வலங்களின் தலைவரல்லர். பெரும்பாலான நேரம் பங்குத்தந்தை செய்யவேண்டிய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இதற்கிடையே நாடே கலங்கிப்போயிருந்தது. 1992 மே 23இல் நீதிபதி ஃபல்கோனே, ஜூலை 19இல் நீதிபதி பொர்செல்லீனோ, இருவரும் வெடிகுண்டுக்குப் பலியானார்கள். 1993 மே 9ஆம் தேதி அக்ரிஜெந்தோவின் கோவில் பள்ளத்தாக்கில் இரண்டாம் ஜான் பால் எழுதி வைத்த உரையை விட்டு விலகி, மனந்திரும்புங்கள், கடவுளின் தீர்ப்பு ஒருநாள் வரும் என்று மாஃபியாவினரை நோக்கி உரக்கச் சொன்னார். ஜூலை இறுதியில் உரோமையின் இரண்டு பழம்பெரும் ஆலயங்களில் குண்டு வெடித்தது. பிரங்காச்சோவில் ஆலயத் திருப்பணி செய்த ஒப்பந்தக்காரரின் வண்டிக்கும், குடியிருப்பாளர் குழுவைச் சேர்ந்தவர்களின் வீட்டுக் கதவுகளுக்கும் தீ வைத்தார்கள். புல்யீசி பீடத்திலிருந்தே அவர்களை அழைத்தார். வாருங்கள், பேசலாம், உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதில் உங்களுக்கு என்ன தடை என்ற பொருளில் கேட்டார். யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

1993 செப்டம்பர் 15, அவரது 56ஆவது பிறந்தநாள். இரவு வீட்டு வாசலில் வைத்துப் பின்கழுத்தில் சுட்டார்கள். போதைக்கு அடிமையானவர் யாரோ வழிப்பறி செய்ததுபோலத் தோன்றுவதற்காகக் கைப்பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். சுட்ட சல்வத்தோரே கிரிகோலி 1997இல் பிடிபட்டு வாக்குமூலம் கொடுத்தார். நெருங்கியபோது பாதிரியார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், எதிர்பார்த்தேன் என்றார், அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை என்பது அவர் சொன்னது. பையைப் பறித்த கஸ்பாரே ஸ்பதூட்சா 2008இல் நீதித்துறையோடு ஒத்துழைக்கத் தொடங்கினார். அவர் சொன்னவற்றால் பொர்செல்லீனோ வழக்கில் பொய்ச் சாட்சியத்தின் பேரில் தண்டிக்கப்பட்டிருந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். கிரவியானோ சகோதரர்களுக்கு ஆயுள் தண்டனை.

இனி வருவது திருச்சபைச் சட்டத்தின் நுட்பம். ஒருவரை மறைசாட்சி என்று அறிவிக்க, அவர் கொல்லப்பட்டது ‘விசுவாசத்தின் மீதான வெறுப்பினால்’ என்று நிறுவியாக வேண்டும். கொன்றவன் கோவிலுக்குப் போகிறவன், சட்டைப்பையில் புனிதர் படம் வைத்திருப்பவன் என்றால் வெறுப்பு எங்கே இருக்கிறது? பீனோவின் மரணம் நல்லவர் ஒருவரின் மரணம், ஆனால் அது வட்டாரத் தகராறு, அல்லது அரசியல் என்று சொல்ல இடமிருந்தது. 2012 ஜூன் 28இல் பதினாறாம் பெனடிக்ட் ஒப்புதலளித்த ஆணை, இல்லை, இது விசுவாசத்தின் மீதான வெறுப்பே என்று முடிவு கட்டியது. 2013 மே 25இல் பலெர்மோ கடற்கரையோரம் பெருங்கூட்டத்தின் நடுவே அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. அந்த ஆணையின் உட்பொருள் புல்யீசியைவிடக் கொலையாளிகளைப் பற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தை எரித்துச் சத்தியம் செய்யும் சமயம், அந்தப் படத்தில் இருப்பவரின் சமயமல்ல என்று திருச்சபை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதற்கு ருஃபீனியின் சுற்றுமடலிலிருந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

பலெர்மோ பேராலயத்தில்தான் இப்போது அவர் கல்லறை இருக்கிறது. அதே ஆலயத்தில் நகரின் பாதுகாவலி புனித ரோசலியாவின் வெள்ளிப் பேழையும் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய்க் காலத்தில் பெல்லெக்ரீனோ மலைக் குகையில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட துறவிப் பெண் அவர். கேத்தே 1787இல் அந்தக் குகைக்குப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். இன்று அந்த மலைக்கு நடந்தே ஏறிச் செல்பவர்களில் ஈழத்தமிழர்கள் ஏராளம், சைவர்களும் சேர்த்து. என் மாமி அவர்களில் ஒருவர். வீடுகளில் துப்புரவு வேலையும் வயோதிபர் பராமரிப்புமாக முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருக்கிறார். புல்யீசியைத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாமல் என்ன தம்பி. நான் வேலை செய்யிற வீட்டு அம்மா அவரிட்டப் படிச்சவ. ஆனா எங்கட ஆக்கள் அவரிட்ட நேர்த்தி வைக்கிறேல்லை. ரோசலியா அம்மாவிட்டத்தான் கேக்கிறது. அவரிட்ட என்னத்தைக் கேக்கிறது, பள்ளிக்கூடமோ?” என்றார்.

பிறகு, சற்றுப் பொறுத்து, “எங்கட ஊரிலையும் இப்பிடிச் சுவாமிமார் இருந்தவைதானே” என்றார்.

இருந்தார்கள். மன்னார் வங்காலையின் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் 1985 ஜனவரியில் கொல்லப்பட்டார். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண், 2006 ஆகஸ்டில் ஷெல் அடியிலிருந்து தப்ப ஆலயத்துக்குள் ஓடிவந்த மக்களைக் காக்க முயன்றவர், அதே மாதம் 20ஆம் தேதி உடன் சென்ற ஒருவரோடு காணாமல் போனார். பிரங்காச்சோவுக்கும் அல்லைப்பிட்டிக்கும் வேறுபாடுகள் நிறைய. ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. புல்யீசியின் வழக்கில் சுட்டவன் யார், சொன்னவன் யார் என்று நீதிமன்றம் பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது. மற்ற இருவருக்கும் அது நடக்கவில்லை.

இத்தாலிய மொழி அறிந்தவர்கள் ரொபெர்த்தோ ஃபயென்சா 2005இல் இயக்கிய ‘பகல் வெளிச்சத்தில்’ என்ற படத்தைப் பார்க்கலாம். புல்யீசி பாடம் நடத்திய பள்ளியில் படித்த அலெஸ்ஸாந்த்ரோ தவேனியா 2014இல் அவரை மையமாக வைத்து எழுதிய நாவல் இத்தாலியில் பரவலாக வாசிக்கப்பட்டது. படத்தைவிட நாவல் எனக்குப் பிடித்திருந்தது. படத்தில் அவர் சற்று அதிகமாக வீரராகத் தெரிகிறார். அவர் வாழ்ந்த சிறிய வீடு இன்று நினைவு இல்லம். ‘எங்கள் தந்தை’ மையம் இன்றும் இயங்குகிறது. அவர் உயிரோடிருந்தபோது கிடைக்காத நடுநிலைப் பள்ளியும் பிரங்காச்சோவுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது, அவருடைய பெயரில்.